அப்பா குடித்தார், மகன் குடிப்பதில்லை. ஆனாலும் வீடு ஏன் இப்படி இருக்கிறது?

கிணற்றடி எழுதியது:

கல்யாணமாகிப் பத்து வருடம். வீட்டுக்காரர் குடிப்பதில்லை. பீர் கூடக் கிடையாது, சிகரெட் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றே தரகர் சொன்னது, "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை." எங்கள் அப்பா அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டார். மாமனார் பெரிய குடிகாரர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அவர் அதற்கு முன்பே மஞ்சள்காமாலை வந்து இறந்துபோயிருந்தார். போனவர் குடி நம்மை என்ன செய்துவிடும் என்று நினைத்தோம்.

இப்போது என் வீடு இருக்கும் நிலை இது. ராத்திரி கடையை அடைத்துவிட்டு அவர் வரும் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் டிவியை அணைத்துவிட்டு நோட்டை விரித்து உட்கார்ந்துவிடுவான். ஒன்றும் எழுத மாட்டான், பென்சிலைப் பிடித்துக்கொண்டு இருப்பான். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அன்றைக்கு நாங்கள் வாயைத் திறப்பதா வேண்டாமா என்பது முடிவாகும். வாய்ப்பாட்டில் ஒன்று தப்பினால் பெல்ட். போன வாரம் பனியன் மாற்றும்போது முதுகில் தடிப்பைப் பார்த்தேன். கேட்டால், "நான் என்ன குடிச்சிட்டா அடிக்கிறேன்? அவன் நல்லதுக்குத்தானே?" என்கிறார். மாமியார் ஒரு படி மேலே. "அவங்கப்பா அடிச்ச அடிக்கு இதெல்லாம் ஒரு அடியா?"

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் அரிவாள்மனையை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவிட்டுத்தான் படுப்பார். மாமனார் இருந்த காலத்துப் பழக்கம். காலையில் நான் போய்த் தேடி எடுக்க வேண்டும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

குடியே இல்லாத வீட்டுக்குள் இதெல்லாம் எப்படி வந்தது? என் மகனுக்கும் போகுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பொறுத்துப் போம்மா" என்று சொல்ல எங்கள் சொந்தத்திலேயே ஆள் இருக்கிறது.

மேலத்தெரு எழுதியது:

சகோதரி, தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் காலத்தில் அப்பாவே பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியாரிடம், "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறோம். குடிக்காமல், சம்பாதித்ததை வீட்டில் கொடுக்கும் மனுஷனைப் போய்க் குடிகாரனோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை.

சால்னா எழுதியது:

மேலத்தெரு அண்ணே, அவர் கேட்டது குடிகாரனா இல்லையா என்று இல்லை. முதுகில் பெல்ட் தடிப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

என் கதை கொஞ்சம் வேறு மாதிரி. எங்கள் வீட்டில் குடித்தது அப்பா, அடித்தது அம்மா. அப்பா குடித்தால் பிரியம் பொங்கிவிடும். ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டா பார்சலோடு வந்து தூங்குகிற எங்களை எழுப்பி ஊட்டிவிடுவார். சால்னா மணமும் பிராந்தி மணமும் சேர்ந்து வரும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். விடிந்தால் பால்காரருக்குக் கொடுக்கக் காசு இருக்காது. அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், அம்மா கைக்கு அகப்படுவது நாங்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரண்டியால் அடிப்பார். அப்பா மேல் போக வேண்டிய அடி எல்லாம் என் மேலும் தங்கை மேலும் விழுந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், வீட்டைக் காப்பாற்றிய அம்மாவை வெறுத்தும், வீட்டை அழித்த அப்பாவைச் செல்லம் கொண்டாடியும் வளர்ந்தோம். அப்பா செத்தபோது தங்கை மயங்கி விழுந்தாள். அம்மா அழவே இல்லை, சொந்தக்காரர்கள் அதையும் ஒரு குறையாகப் பேசினார்கள். நான் அம்மாவோடு கொஞ்சமாவது பேச ஆரம்பித்ததே எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான்.

குடிக்கிறவரை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு புரியாது. அந்த வீட்டில் குடிக்காதவர்களும் அந்தக் குடியைச் சுற்றியேதான் வாழ்கிறார்கள். கிணற்றடி அக்கா, உங்கள் மாமியாரின் அரிவாள்மனை எனக்கு நன்றாகவே புரிகிறது.

வார்டு சிஸ்டர் எழுதியது:

குடிநோய் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். அட்மிஷன் போடும்போது அப்பா குடிப்பாரா, தாத்தா குடிப்பாரா, தாய்மாமன் குடிப்பாரா என்று குடும்ப விவரம் கேட்டு எழுதுவோம். பெரும்பாலும் பேனா நிற்காது, எழுதிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

ரத்தத்தில் வருகிறதா என்றால், ஒரு பங்கு வருகிறது. டென்மார்க்கில் சின்ன வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1973-ல் வெளிவந்தது. பெற்றவர் குடிநோயாளியாக இருந்தால், பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்தாலும் குடிநோயாளி ஆவது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் மரபணுவின் பங்கு ஏறக்குறையப் பாதி என்கிறார்கள். மீதி வளர்ப்பும் சூழலும். குடிநோயாளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளி ஆவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பாதி கேட்டுவிட்டுப் பயப்பட வேண்டாம்.

உங்கள் கேள்வி வளர்ப்புப் பக்கம்தான் வருகிறது. அமெரிக்காவில் சான் டியகோவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்டார்கள். அடிபட்டாயா, அம்மா அடிபடுவதைப் பார்த்தாயா, வீட்டில் குடிகாரர் இருந்தாரா, யாராவது ஜெயிலுக்குப் போனார்களா என்று போகும் அந்தக் கேள்விகள். பெரும்பாலும் வேலையும் இன்சூரன்ஸும் உள்ள நடுத்தர வர்க்கத்து ஆட்கள். 1998-ல் முதல் கட்டுரை வந்தது. அதில் நான்கோ அதற்கு மேலோ "ஆமாம்" என்றவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இவையெல்லாம் 4 முதல் 12 மடங்குவரை அதிகம். இருதய நோய், ஈரல் நோய்கூட அதிகம். இந்தக் கஷ்டங்கள் தனித்தனியாக வருவதும் குறைவு, குடி இருக்கும் வீட்டில் அடியும் இருக்கும், அவமானமும் இருக்கும்.

உடம்பில் நடப்பது இதுதான். வண்டிச் சத்தம் கேட்டதும் உங்கள் மகன் உடம்பு ஓடவா ஒளியவா என்று தயாராகிவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். எப்போதாவது வந்து போனால் பாதகமில்லை. தினமும் ராத்திரி அதுவே நடந்தால் அந்த உஷார் நிலையே பிள்ளையின் இயல்பாகிவிடும். பெரியவனாகி, ஆபத்தே இல்லாத இடத்திலும், யாரோ டம்ளரைக் கீழே போட்டால் உடம்பு எகிறும். உங்கள் வீட்டுக்காரர் உடம்பு அப்படி வளர்ந்த உடம்பு. கோபம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், அவர் மூத்த பிள்ளையா?

கிணற்றடி எழுதியது:

ஆமாம், மூத்தவர். டம்ளர் விஷயம் அப்படியே நடக்கும், எப்படிச் சொன்னீர்கள்! பன்னிரண்டு வயதிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கடை வாசலிலிருந்து அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாராம். வேட்டி அவிழ்ந்தால் ரோட்டிலேயே நிறுத்திக் கட்டிவிடுவாராம். கொழுந்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வார்டு சிஸ்டர் எழுதியது:

இப்படிப்பட்ட வீட்டில் மூத்த பிள்ளை சின்ன வயதிலேயே அப்பா வேலைக்கு ஏறிவிடும். கணக்கு பார்க்கும், தம்பி தங்கையை அதட்டும், அம்மாவுக்கு அரணாக நிற்கும். ஊர் மெச்சும். எல்லாம் தன் பிடியில் இருந்தால்தான் ஆபத்து இல்லை என்று அதன் மனதில் பதிந்துவிடும். பின்னாளில் பெண்டாட்டியும் பிள்ளையும் வாய்ப்பாடும் அந்தப் பிடிக்குள் இருந்தாக வேண்டும். இன்னொரு பிள்ளை எல்லா அடியையும் வாங்கும், ஒன்று இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும், ஒன்று கோமாளித்தனம் பண்ணிச் சண்டையைத் திசைதிருப்பும். வார்டுக்குப் பார்க்க வரும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே யார் எது என்று தெரிந்துவிடும்.

கருப்பட்டி எழுதியது:

எல்லோரும் உடம்பு, மனசு என்று பேசுகிறீர்கள். ஊற்றிக் கொடுக்கிறவர்களைப் பற்றி யாருமே பேசக் காணோம். 1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக் 2003-ல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கடை இல்லாத ஊரே தெரியாது. ஐந்நூறு ஐந்நூறாக மூடுகிறோம் என்று 2016, 2017, 2023 மூன்று முறையும் அறிவித்தார்கள். குடி குறைந்ததா?

மேலத்தெரு எழுதியது:

அதைச் சொல்லுங்கள் முதலில். கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும்.

சால்னா எழுதியது:

ஆகுமா? மாமனார் காலத்துக் குடி டாஸ்மாக் சில்லறைக் கடைக்கு முந்தியது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார், 1971-ல் எடுத்தார்கள், அப்புறம் சாராயக்கடை வரும், போகும். கடை இல்லாத காலத்திலும் ஊறல் போட்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கருணாபுரத்தில் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பேரில் வைப்புத்தொகை போட்டார்கள், மாதாமாதம் பணம் என்றார்கள். நல்லதுதான். அந்த ராத்திரியை நினைத்துத் தூக்கம் வராத பிள்ளைக்கு யார் போய் உட்கார்ந்து பேசினார்கள்?

கடை குறைய வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கிணற்றடி வீட்டில் மூடுவதற்குக் கடையே இல்லையே. அங்கே என்ன செய்வீர்கள்?

இன்று மட்டும் எழுதியது:

நான் குடிநோயாளி. இப்போது குடிப்பதில்லை, குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடும் கூட்டங்களுக்குப் போகிறேன். எங்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு, "பாட்டிலை வச்சிட்டான், ஆனா ஆள் இன்னும் மாறலை." குடியை விட்ட பிறகும் அதே எரிச்சல், அதே சந்தேகம், அதே அதிகாரத்தோடு திரியும் ஆட்கள் உண்டு. பெண்டாட்டி வந்து, "இதுக்கு அவரு குடிச்சிட்டே இருந்திருக்கலாம்" என்று சொல்லும் அளவுக்குப் போகும். கிணற்றடி தங்கையின் வீட்டுக்காரர் பாட்டிலைத் தொடாமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று தோன்றுகிறது.

என் மகள் கல்லூரி போகிறாள். நான் குடியை விட்ட பிறகும், வெளியே போய்விட்டு வந்தால் "என்னப்பா வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டபடி பக்கத்தில் வருவாள். மோந்து பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். ரெண்டு பேரும் வாங்கி வந்த பழத்தைப் பற்றிப் பேசுவோம்.

குடிக்கிறவருக்கு எப்படிக் கூட்டம் உண்டோ, குடும்பத்துக்கும் தனிக் கூட்டம் உண்டு. அல்-அனான் என்று பெயர், 1951-லிருந்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு அலட்டீன், 1957-ல் தொடங்கியது. என் வீட்டம்மா அந்தக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் மேல் கைநீட்டுவதை விட்டார். மாமனார் இறந்துவிட்டாரே, இனி எதற்கு என்று நினைக்காதீர்கள். குடித்தவர் செத்துப் பல வருடம் கழித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

புதுவரவு எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் தினமும் இரண்டு குவார்ட்டர். சபரிமலைக்கு மாலை போட்டால் மட்டும் சுத்தமாக இருப்பார், மாலையைக் கழற்றிய அன்றே ஆரம்பித்துவிடுவார். கோயிலில் கயிறு கட்டியும் பார்த்தாயிற்று. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பவுடர் விற்கிறார்களாம். அண்ணி வாங்கி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா?

வார்டு சிஸ்டர் எழுதியது:

கொடுக்கவே கூடாது. இப்படி விற்கும் பவுடர் சிலவற்றில் டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். இருதயம் பலவீனமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் சோதித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

தினமும் குடிக்கிறவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். முதல் நாள் கை நடுங்கும், தூக்கம் இருக்காது. இரண்டாம் மூன்றாம் நாள் வலிப்பு வரலாம், "சுவத்துல பூச்சி ஊருது" என்று புலம்பலாம். ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து நிறுத்தினால் பயமில்லாமல் கடந்துவிடலாம். 2019-ல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்புப்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதிப் பேருக்குக் கயிறும் பவுடரும்தான். 14446 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், பக்கத்தில் உள்ள மையத்தைச் சொல்வார்கள்.

வவுனியாக்குளம் எழுதியது:

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லவேணும். இங்கே குடியோடு போரும் சேர்ந்து வந்தது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிள்ளையைப் பறிகொடுத்து வந்த ஆம்பிளைகள் கசிப்பில், அதுதான் கள்ளச்சாராயத்தில், விழுந்தார்கள். வடக்கு கிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. போரில் பிள்ளை பட்ட அனுபவமும் தகப்பனின் குடியும் வீட்டுக்குள் பிள்ளை அடிபடுவதோடு சேர்ந்து வருவதை அது காட்டியது. சண்டை முடிந்து எத்தனையோ வருசம். அந்த நேரம் பள்ளிக்கூடம் போன பிள்ளையள் இப்ப தாய் தகப்பன். வெளியில் இருந்து வாறவை குண்டு விழுந்த சுவரைத்தான் படம் எடுக்கினம்.

நேர்க்கோடு எழுதியது:

எல்லாம் படித்தேன். இப்படிக் காரணம் அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் யார் மேலும் தப்பில்லை என்று ஆகிவிடும். என் அப்பாவும் குடித்தார். என் காதில் அவர் அறைந்த அறையில் இன்றும் ஒரு பக்கம் சரியாகக் கேட்காது. நான் என் பிள்ளைகளை அடித்ததில்லை. என்னால் முடிகிறது என்றால் அவராலும் முடியும். கஷ்டப்பட்டு வளர்ந்தவர் என்பது விளக்கம், அனுமதிச் சீட்டு ஆகாது.

சால்னா எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு எப்படி முடிந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நேர்க்கோடு எழுதியது:

யோசித்ததில்லை. பாட்டி வீடு இருந்தது, லீவுக்கெல்லாம் அங்கேதான். ஒரு கணக்கு வாத்தியார் சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டும்வரை என்னைத் தன் அறையிலேயே உட்கார விடுவார், ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதுவாக இருக்கலாம். என் தம்பிக்கு அந்த வாத்தியார் இல்லை. அவன் இப்போது குடிக்கிறான்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

நம்பிக்கையான ஒரே ஒரு பெரியவர் இருந்தாலும் பிள்ளை தப்பித்துவிடுகிறது என்று எங்கள் டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த வாத்தியாருக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிந்திருக்காது.

கிணற்றடி, நேர்க்கோடு சொன்னதில் ஒரு வரிசை இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் பெல்ட் நிற்க வேண்டும். அவர் பட்ட கஷ்டத்தை எல்லாம் அதற்கு அப்புறம் உட்கார்ந்து பேசலாம். பையன் முதுகு அதுவரை காத்திருக்க முடியாது.

கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேர்க்கோடு அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான்கூட மகனிடம், "அப்பா வர்ற நேரம், சத்தம் போடாதே" என்றுதான் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். என் மாமியாரும் தன் பிள்ளைகளிடம் அதையேதான் சொல்லியிருப்பார்.

நேற்று அவரிடம் பெல்ட்டைப் பற்றி நேராகவே பேசினேன். கத்தினார், சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஆனால் இனிமேல் அவன் மேல் கை வைத்தால் அவனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா? போலீஸ் வரை போக விருப்பமில்லை. அதே சமயம் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கவும் பயமாக இருக்கிறது.

நேர்க்கோடு எழுதியது:

வழி இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், அடிக்கக்கூடாது என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், பிள்ளைக்கும் சேர்த்து. அதற்கு மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், நேரே அவரிடம் போகலாம். 2015 சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில், பொறுப்பில் இருப்பவரே பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்று வருடம்வரை தண்டனை உண்டு. உதவிக்குப் போன் எண், பிள்ளைக்கு 1098, உங்களுக்கு 181. கூப்பிட்டதுமே கைது பண்ணிவிட மாட்டார்கள், ஆலோசனையும் தருவார்கள். தடிப்பைத் தேதி தெரியும்படி படம் எடுத்து உங்கள் அம்மாவுக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

மேலத்தெரு எழுதியது:

பேசி முடிக்க வேண்டியதற்கெல்லாம் சட்டமா? சரி, நான் அதிகம் பேசவில்லை. பெல்ட் தப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

ஒரு யோசனை. "உங்களுக்கு மனசு சரியில்லை, டாக்டரைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தால் வர மாட்டார். ராத்திரி தூக்கம் எப்படி?

கிணற்றடி எழுதியது:

தூக்கமே கிடையாது. இரண்டு மணிக்கு எழுந்து வாசல் தாழ்ப்பாளைப் பார்ப்பார். திரும்ப மூன்றரைக்கு.

வார்டு சிஸ்டர் எழுதியது:

அப்படியென்றால் தூக்கம் வரவில்லை என்று சொல்லியே கூட்டிப் போங்கள். இந்தக் காரணத்துக்கு ஆம்பிளைகள் வருவார்கள், வார்டில் எத்தனையோ பேரை அப்படித்தான் உள்ளே கொண்டுவந்தோம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓபி இருக்கிறது, காலையில் போய்ச் சீட்டு வாங்கினால் போதும், காசு கிடையாது. டாக்டர் தனியாகப் பேசும்போது தாழ்ப்பாள் விஷயத்தை அவரே சொல்லும்படி விடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். அவர் மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள், அல்லது 14416-ல் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸுக்குப் போன் பண்ணுங்கள். தமிழில் பேசுவார்கள், ராத்திரியும் எடுப்பார்கள்.

கிணற்றடி எழுதியது:

கடை லீவு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஓபி இருக்குமா?

வார்டு சிஸ்டர் எழுதியது:

பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் மனநல டாக்டர் குறிப்பிட்ட கிழமையில்தான் வருவார், முந்தின நாள் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். பையனையும் கூட்டி வருவதானால் ஸ்கூலுக்கு லீவு லெட்டரில் காய்ச்சல் என்றே எழுதுங்கள், போதும்.